காதுக்குள் ஒரு கல்யாண மண்டபம்

கத்திக் கத்தி என் தொண்டை கெட்டுப்போனது. இதை வருத்தமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். வேலையில் இருந்தவரை பால்வாடியில் பிள்ளைகளிடம் கத்தினேன். ஓய்வு பெற்று வீட்டில் வந்து உட்கார்ந்தால் எதிரே இவர். என் கணவர் அரசு பஸ் ஓட்டியவர். அந்தக் காலத்துப் பஸ்களில் டிரைவரின் இடது கைப்பக்கம்தான் இன்ஜின். ஒரு தகர மூடிக்குள் நாள் முழுக்க உறுமிக்கொண்டே இருக்கும். முதலில் இடது காது போனது. வலது காது கொஞ்ச நாள் தாக்குப்பிடித்துப் பார்த்துவிட்டு அதுவும் பின்னாலேயே போனது. அவர் ஓய்வு பெற்று வந்தபோது, "உப்பு போதுமா" என்று கேட்பதற்குக்கூட நான் அடிவயிற்றிலிருந்து மூச்சை இழுக்க வேண்டியிருந்தது.

வல்லத்திராக்கோட்டையில் எங்கள் வீடு ஒரு வரிசை வீட்டின் நடுவில் இருக்கிறது. இரண்டு பக்கமும் பொதுச்சுவர். நான் கத்துவது ஒரு பக்கம் என்றால், காது கேட்காதவருக்குத் தன் குரலும் கேட்காது என்பதால் அவரும் கத்துவார். "ஒங்க வீட்டுல இன்னக்கி என்ன கொழம்புன்னு நான் கேக்கவே வேணாம்" என்பார் பக்கத்து வீட்டு மதினி. சிரித்துக்கொண்டுதான் சொல்வார். எனக்குத்தான் சிரிப்பு வராது. கல்யாணமான புதிதில் மாமியாருக்குக் கேட்காமல் நாங்கள் இரண்டு பேரும் மணிக்கணக்காகப் பேசிக்கொண்ட வீடு அது. இப்போது ரகசியம் என்ற ஒரு சாமானே அந்த வீட்டில் இல்லை.

காது மிஷின் வாங்காமல் இல்லை. மாட்டிய அன்றைக்கே கழற்றி டப்பாவுக்குள் போட்டுவிட்டார். "பாத்திரம் கழுவுறது, ஃபேன் ஓடுறது, தெருவுல போற வண்டி எல்லாம் ஒண்ணா வந்து விழுகுது. நீ பேசுறது மட்டும் கேக்கல" என்றார். பெண்டாட்டி பேசுவது மட்டும் கேட்காத மிஷினை எந்த ஆம்பளையாவது கழற்றுவானா என்று மதினி கேட்டார். இவர் கழற்றினார். அந்த டப்பா மூன்று வருஷம் சாமி படத்துக்குப் பின்னால் கிடந்தது. நானும் விட்டுவிட்டேன். கத்துவது பழகிவிட்டது, அலுப்பும் பழகிவிட்டது.

அப்படியே போயிருக்கும். ஒரு நாள் மத்தியானம் பொன்னமராவதியிலிருந்து மகள் போன் செய்தாள். எங்களுக்கு ஒரே பிள்ளை அவள். கட்டிக்கொடுத்து நான்கு வருஷம் ஆகியிருந்தது. அப்பா சாப்பிட்டாரா என்று கேட்டாள். பிறகு, "அடிக்கிறாரும்மா" என்றாள்.

குடித்துவிட்டா என்று கேட்டேன். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"மொதல்ல குடிச்சா மட்டும். இப்பக் குடிக்காமயும்தான்."

உடனே கிளம்பி வா என்றேன். வரமாட்டேன் என்றாள். மாப்பிள்ளை வேறு யாரும் இல்லை, இவரோடு ஒரே பஸ்ஸில் பல வருஷம் ஓடிய கண்டக்டரின் மகன். இரண்டு சிநேகிதர்கள் டீக்கடையில் உட்கார்ந்து பேசி முடித்த சம்பந்தம். "அப்பாவுக்குச் சொல்லாம வந்து நின்னேன்னா, அவரு தோஸ்துகிட்டப் பேசிச் சமாதானம் பண்ணி என்னையத் திரும்பக் கொண்டாந்து விட்டுருவாரும்மா. அப்பறம் எனக்கு எங்கிட்டும் போக முடியாது. அப்பா வாயால வரச் சொன்னா வாரேன்" என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. எங்கள் பக்கத்தில் அப்படித் திரும்பப் போன பெண்களை எனக்குத் தெரியும்.

"நீயே அவருகிட்டச் சொல்லும்மா. நான் போன்ல சொன்னா அவருக்குக் கேக்காது."

நான் நேரில் சொன்னாலும் கேட்காது. கேட்கிற மாதிரி சொன்னால் தெருவுக்கே கேட்கும். எங்கள் தெருவில் பொன்னமராவதிப் பக்கம் கொடுக்கல் வாங்கல் உள்ள வீடுகள் உண்டு. காலையில் இங்கே கேட்டது சாயங்கால பஸ்ஸில் அங்கே போய் இறங்கிவிடும். சம்பந்தி வீட்டார் நான்கு பெரிய மனிதர்களைக் கூட்டிக்கொண்டு நமக்கு முன்னால் வந்து கூடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். அப்புறம் என் மகளுக்கு வாய் இருக்காது. இவர் காதில் மட்டும் விழ வேண்டும், வேறு யார் காதிலும் விழக்கூடாது. உலகத்தில் எல்லாப் பெண்டாட்டிகளும் தினமும் செய்கிற காரியம் அது. என்னால் முடியவில்லை.

எழுதிக் கொடுக்கலாமே என்று தோன்றும். இவர் எதைப் படித்தாலும் வாய்விட்டுத்தான் படிப்பார். பேப்பரும் அப்படித்தான், செல்போனில் வருவதும் அப்படித்தான். ஒரு தடவை மூலத்துக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த விவரத்தை வாசலில் உட்கார்ந்து முழுக்கப் படித்தார். மதினி சுவருக்கு அந்தப் பக்கம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றதை நான் பார்த்தேன். அவர் கையில் எப்படி இந்தச் சங்கதியை எழுதிக் கொடுப்பேன்?

விறகு பொறுக்கலாம் என்று சொல்லித் தைலமரக் காட்டுக்குக் கூட்டிப் போனேன். வீட்டில் கேஸ் இருக்கும்போது விறகு எதற்கு என்று கேட்டுக்கொண்டேதான் வந்தார். நடுக்காட்டில் அவர் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "மாப்பிள்ளையப் பத்தி ஒரு விசயம்" என்று ஆரம்பித்தேன். "மாப்பிள்ளைக்கு என்ன" என்று அவர் போட்ட சத்தத்தில், பத்து மரம் தள்ளி ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எழுந்து எங்களைப் பார்த்தார். "மாப்பிள்ளைக்கு ஒண்ணுமில்ல, நல்லாருக்காரு" என்று கத்திவிட்டுத் திரும்பி நடந்தேன். நல்லாருக்காரு என்று என் வாயாலேயே சொல்ல வைத்தாரே என்று அன்று முழுக்க அவர் மேல் எரிச்சலாக இருந்தது.

அந்த மிஷின் டப்பாவோடு இவரையும் கூட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்கு நான் போனது இதனால்தான். காது மிஷின் பார்க்கும் சின்ன ஆஸ்பத்திரி அது. அங்கே இருந்த பெண்ணுக்கு என் மகள் வயது இருக்கும். "மிஷின் சத்தத்தப் பெருசாக்கும், அவ்வளவுதான்மா. அதுல எது பேச்சு, எது எரைச்சல்னு பிரிக்கிறது மூளை. இவங்க மூளைக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போச்சு. திரும்பப் பழக்கணும்" என்றாள். பழக்குவதற்குப் புதிதாக ஒரு கருவி வந்திருப்பதாகச் சொல்லி, ஒரு கறுப்புப் பெட்டிக் கண்ணாடியை எடுத்துக் காட்டினாள். அதைக் கண்ணை மறைக்கிற மாதிரி மாட்டிக்கொண்டு, காது மிஷினுக்கு மேலே ஹெட்போனும் போட்டுக்கொண்டால், நாம் வேறொரு இடத்தில் இருக்கிற மாதிரி இருக்கும். எனக்கும் மாட்டிவிட்டாள். கல்யாண மண்டபம். நடுப்பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். தலையைத் திருப்பினால் பக்கத்து இலைக்காரர் தெரிகிறார், பின்னால் பரிமாறுகிற வாளிச் சத்தம் கேட்கிறது, மேளம் கேட்கிறது. அத்தனை சத்தத்துக்கும் நடுவில் ஒருவர் ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒரு வாக்கியம் சொல்வார். அவர் இருக்கும் திசைக்குத் திரும்பி, அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் மண்டபச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுவார்கள். அதுதான் பயிற்சி.

வாரா வாரம் பஸ் ஏறினோம். காலையில் எழுந்து சமைத்து, அவரைக் கிளப்பி, நெரிசலில் நின்று, டவுனில் இறங்கி, வெயிலில் நடந்து போய்ச் சேரும்போதே எனக்குப் பாதி உயிர் போயிருக்கும். இவர் போய்ச் சுழல் நாற்காலியில் சொகுசாக உட்கார்வார். முதல் நாள் அந்தப் பெண் பஸ் ஸ்டாண்டு காட்சியைப் போட்டாள். அது பெரிய தப்பு. பேசுகிற ஆளை இவர் திரும்பியே பார்க்கவில்லை. "அங்கிட்டு ரிவர்ஸ் எடுக்குறவனுக்கு ஓட்டத் தெரியல" என்றார். "கிளட்ச் போயிருச்சு அந்த வண்டிக்கு, சத்தத்தப் பாரு" என்றார். வலது காலால் தரையை அழுத்தி அழுத்தி பிரேக் போட்டார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

மண்டபத்துக்கு மாற்றினாள். எதிரே இருந்து பேசினால் நாளாக ஆகக் கொஞ்சம் பிடிபட்டது. பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ கூப்பிட்டால் மட்டும் திரும்புவதே இல்லை. ஒவ்வொரு வாரமும் அதே கதை. "பக்கவாட்டுல சுத்தமா எடுபடல போலருக்கும்மா. இதுக்கு மேல பெருசா முன்னேற்றம் வராதுன்னு நெனைக்கிறேன்" என்று ஒரு நாள் சொல்லியே விட்டாள். அன்று எனக்கு எழுந்து நிற்கத் தெம்பில்லை. மகள் இடையில் ஒரு தடவை போன் செய்து, "சொல்லிட்டியாம்மா" என்று கேட்டிருந்தாள். இன்னும் இல்லை என்றேன். "சரிம்மா" என்றாள். அந்தச் "சரிம்மா"வை நான் இப்போதும் நினைக்க விரும்பவில்லை.

அப்படியே உட்கார்ந்து, அவர் காதில் விழும் வாக்கியங்கள் ஓடுகிற கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. கருவி அவரை அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெயரை அவருடைய அம்மா செத்த பிறகு யார் கூப்பிட்டார்கள்? ஊரில் அவர் டிரைவர் மாமா, டிரைவர் சித்தப்பா. டிப்போவில் டிரைவரே. நான் கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அந்தப் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது, ஓட்டர் கார்டில் இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் ஒருவன் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறான் என்று இவர் இலையைத்தான் பார்ப்பார்.

அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "அப்ப நீங்க எப்படிம்மா கூப்பிடுவீங்க?" என்று கேட்டாள்.

"இந்தாங்கன்னுதான். கோவம்னா அதுவும் கெடையாது. பாத்திரத்த நங்குன்னு வைப்பேன்."

"உங்க குரல்லயே பதிவு பண்ணிருவோம். ஒரே ஒரு தடவ பேரச் சொல்லுங்களேன்."

"அது வராதும்மா. இந்தாங்கன்னே வச்சிக்க."

மைக்கை என் முன்னால் வைத்தாள். தாளில் பத்துப் பதினைந்து வாக்கியம் இருந்தது. சாதாரண வாக்கியங்கள்தான். இந்தாங்க, தண்ணி சுட வச்சிருக்கேன். இந்தாங்க, நாளைக்குக் கரண்டு இருக்காதாம். வாசித்து முடித்தேன். "ஏன்மா கத்துறீங்க? மைக் பக்கத்துலதான இருக்கு" என்றாள். கத்தவில்லையே என்றேன். அவள் அதைத் திரும்பப் போட்டுக் காட்டினாள்.

யாரோ சண்டைக்காரி. கேட்கக் கேட்க எனக்குக் கூசியது. தண்ணி சுட வைத்திருக்கிறேன் என்பதைக் கூடக் குழாயடியில் குடத்துக்கு அடித்துக்கொள்கிற மாதிரி சொல்லியிருந்தேன். இந்தக் குரலையா இந்த மனுசன் இத்தனை வருஷமும், கேட்ட மட்டுக்கும், கேட்டுக்கொண்டிருந்தார்? என் சொந்தக் குரல் எப்போது போனது என்றே எனக்குத் தெரியவில்லை. அழுகை வரவில்லை, சோர்வுதான் வந்தது. மறுபடி வாசித்தேன், மறுபடியும் சத்தம்தான் வந்தது. "தூங்குற புள்ள பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி பேசுங்கம்மா" என்று அந்தப் பெண் சொன்னாள். பால்வாடியில் மத்தியானம் பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டு ஆயாவிடம் பேசுவேனே, அதை நினைத்துக்கொண்டேன். கரகரவென்று, உடைந்து உடைந்து, ஆனால் மெதுவாக வந்தது.

அடுத்த வாரம் அந்தப் பதிவை மண்டபத்தின் இடது மூலையில் வைத்தாள். "இந்தாங்க" என்றது என் குரல், அத்தனை மேளத்துக்கும் நடுவில். இவர் சட்டென்று இடது பக்கம் திரும்பினார். "தண்ணி சுட வச்சிருக்கேன்" என்று திருப்பிச் சொன்னார். பின்னால் வைத்தாள், நாற்காலியோடு சுழன்று திரும்பினார். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்காக வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். மிஷினை மாட்டிக்கொண்டு இருக்கப் பழகினார், அதுவே பெரிது. டிவி ஓடினால், தெருவில் வண்டி போனால், மறுபடி "என்னது" என்று சத்தம் போட்டார். வீட்டில் வைத்து அந்தச் சங்கதியைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் அவர் பயிற்சி எடுக்கும் அந்த அறை இருந்தது. சுவர் முழுக்கப் பஞ்சு வைத்துத் தைத்த சின்ன அறை. கதவைச் சாத்தினால் என் மூச்சு எனக்கே கேட்கும். மாவட்டம் முழுக்கத் தேடினாலும் இவரும் நானும் பேசுவதற்கு அதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

"இன்னக்கிப் பதிவு வேணாம்மா. நான் உள்ள உக்காந்து மைக்குல நேராப் பேசுறேன். நீ வெளிய இரு. ஒரு வீட்டு விசயம்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறு எதுவும் கேட்காமல், தன் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தாள். மண்டபத்தை நிறுத்திவிடவா என்று மட்டும் கேட்டாள். வேண்டாம், சத்தத்தைக் குறை போதும் என்றேன். கண்ணாடி இல்லாமல் அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் என்னால் சொல்ல முடியாது என்று தோன்றியது.

கதவு சாத்தியதும் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். அவர் கறுப்புப் பெட்டியை மாட்டிக்கொண்டு, கைகளை மடியில் வைத்து, நல்ல பிள்ளையாகக் காத்துக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது. அவர் உட்கார்ந்திருந்தது யாரோ பிள்ளைகளின் கல்யாணப் பந்தியில்.

"இந்தாங்க" என்றேன். முகத்தை என் பக்கம் திருப்பினார்.

"மாப்பிள்ள நம்ம புள்ளைய அடிக்கிறாரு."

ஒன்றை நான் மறந்துவிட்டேன். இத்தனை வாரமாக அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தது என்ன? கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் ஒரு வார்த்தை பிசகாமல், பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி, தெளிவாகச் சொன்னார்.

"மாப்பிள்ள நம்ம புள்ளைய அடிக்கிறாரு."

சொல்லிவிட்டு, சரிதானா என்று கேட்பதுபோல் தலையைச் சாய்த்தார். பிறகு அந்தத் தலை அப்படியே நின்றது. தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று அவருக்கு அப்போதுதான் எட்டியது. எனக்குச் செத்துப்போய்விடலாம் போல இருந்தது.

"இது மிஷின்ல வாரதா, நீ சொல்றதா?" என்று கேட்டார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டு எத்தனையோ வருஷமாகிறது.

"நான்தான் சொல்றேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். குடித்தால் அடித்தது, குடிக்காமலும் அடிப்பது, அவர் வாயால் சொன்னால்தான் வருவேன் என்று அவள் சொன்னது. அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. கழற்றினால் நான் நிறுத்திவிடுவேன் என்று பயந்தாரோ என்னவோ. முடித்ததும் நண்பனைப் பற்றி ஏதாவது கேட்பார், நம்ப மாட்டேன் என்பார் என்று காத்திருந்தேன்.

"எத்தன நாளா?" என்றார்.

"அவளுக்கு ரெண்டு வருசத்துக்கு மேல இருக்கும்."

"அவளுக்கு இல்ல. நீ எத்தன நாளா இத வச்சிக்கிட்டு இருக்க?"

மாதங்களை எண்ணிப் பார்த்தேன். மழைக்காலத்துக்கு முன்னால் அவள் போன் செய்தது, இப்போது வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. சொல்லியிருக்கலாம். அவர் அந்த மண்டபத்துக்குள் அங்கிட்டும் இங்கிட்டும் தலையைத் திருப்பி என்னைத் தேடிக்கொண்டிருந்தார். கையை நீட்டி அவர் முழங்காலைத் தொட்டேன்.

மறுநாள் காலையில் மிஷினை அவரே மாட்டிக்கொண்டு பொன்னமராவதிக்குக் கிளம்பினார். பஸ் சத்தத்தில் அது காதைக் குடையும், கழற்றி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். "வேணாம். அவ என்னென்ன சொல்றான்னு நான் கேக்கணும்" என்றார். மத்தியானத்துக்கு மேல் மகளோடு வந்து இறங்கினார். அவள் ஒரே ஒரு பையோடு வந்திருந்தாள். தோஸ்திடம் என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

சாயங்காலம் மகள் வாசலில் நின்றபோது மதினி வந்துவிட்டார். "என்னத்தா, தனியாவா வந்த? எப்பத் திரும்பிப் போற?" என்று வாஞ்சையாகத்தான் கேட்டார். நான் உள்ளிருந்து, காய்ச்சல், ரெண்டு நாள் ஓய்வு என்று ஒரு பொய்யைத் தயார் செய்துகொண்டு வந்தேன். அதற்குள் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த இவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"போகமாட்டா" என்றார். பஸ் ஸ்டாண்டில் ஆள் கூப்பிடுகிற சத்தம். எதிர்வீட்டில் பூத் தொடுத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தினார்கள். "அவன் எம்புள்ளைய அடிச்சிருக்கான். நான்தான் போயிக் கூட்டியாந்தேன். இனி இங்கதான் இருப்பா."

தெருவுக்குத் தெரியக்கூடாது என்று இத்தனை மாதம் நான் தொண்டைக்குள் வைத்துக் காப்பாற்றியதை அவர் தெருவுக்கே சொல்லிவிட்டார். இரண்டு காதிலும் மிஷின் இருந்தது. தன் குரல் எதுவரைக்கும் போகும் என்று இப்போது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் அத்தனை சத்தமாகச் சொன்னார். கோபப்படலாமா என்று பார்த்தேன், வரவில்லை. தலையில் இருந்த தண்ணிக்குடத்தை யாரோ வாங்கி இறக்கிய மாதிரி இருந்தது, இறக்கிய பிறகுதான் கழுத்து வலித்தது. கதவுக்குப் பின்னால் போய் நின்று, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் அழுதேன்.

நாற்காலியிலிருந்து அவர் திரும்பினார். கதவுப் பக்கம், சரியாக நான் நின்ற பக்கம்.

"அழுவாத" என்றார் மெதுவாக. "கேக்குது."